எஸ்லோன் பைப்பில் ஒரு லைட்சேபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை சும்மா இருப்பார்கள். பிறகு கண் ஷோகேஸுக்குள் போகும். பீங்கான் கோப்பைகளுக்கும் தங்கச்சியின் நெட்போல் கிண்ணத்துக்கும் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு கைப்பிடி கிடக்கிறது. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் என்ற பொடியன் கையில் வைத்திருக்கும் லைட்சேபர் என்ற ஒளிவாளின் பிடி அது. "எங்க வாங்கின?" என்பதுதான் முதல் கேள்வி. நானே செய்தது என்றதும் மிச்சக் கேள்விகள் வரிசையாக வரும். அவற்றுக்கான பதில்கள் கீழே. படம் பார்க்காதவர்களும் வாசிக்கலாம். வேறு படத்தின் வேறு சாமானைச் செய்ய நினைப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றுமே செய்து பழக்கமில்லை. எதில் தொடங்கலாம்?

உருளையாக இருக்கும் ஒன்றில். கவசம், முகமூடி, பெரிய வாள் எல்லாம் பிறகு பார்க்கலாம். உருளை வடிவம் கடையிலேயே செய்து வைத்திருக்கிறது, அதுதான் எஸ்லோன், அதாவது பிவிசி பைப். முகத்தைச் செதுக்கினால் மூக்கு ஒரு பக்கம் கோணினாலும் தெரிந்துவிடும். பைப்பில் கோணுவதற்கு அதிகம் இல்லை.

தொடங்குவதற்கு முன் இன்னொன்றைத் தீர்மானியுங்கள். நான் முதலில் செய்ததை எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் காட்டினேன். வடமோடிக் கூத்துக்கு எத்தனையோ வாளும் தண்டாயுதமும் செய்த கை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எட்டத்தில நிண்டு பாக்கிறதுக்கா, கிட்ட வெச்சுப் பாக்கிறதுக்கா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. கூத்துக் களரியில் இருபது அடிக்கு அப்பால், இரவு வெளிச்சத்தில் மின்ன வேண்டிய வாளுக்குப் பளபளப்புக் காகிதம் போதும். ஷோகேஸில் ஒரு அடி தூரத்தில் வைப்பதற்கு ஒவ்வொரு கீறலையும் தேய்த்து எடுக்க வேண்டும். சினிமாக்காரர்களும் இப்படித்தான் பிரித்துச் செய்கிறார்கள். கமெராவுக்குக் கிட்டக் காட்ட நுணுக்கமான ஒன்று, சண்டைக் காட்சியில் அடிபட ரப்பரில் இன்னொன்று. உங்களுடையது எது என்று முதலே தெரிந்தால் பாதி வேலையும் பாதிக் காசும் மிச்சம்.

உண்மையான சாமானை எப்படிச் செய்தார்கள்?

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. உண்மையானதே பழைய சாமானில் ஒட்டுப்போட்டுச் செய்ததுதான். படத்தின் அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரொஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கிராஃப்லெக்ஸ் என்ற பழைய கமெரா ஃப்ளாஷின் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பெரிய கமெராவோடு பொருத்தி, பல்பு எரியவைக்கும் உலோகப் பிடி அது. உள்ளே பற்றரி போடுவார்கள். அவர் அதில் டி வடிவக் கறுப்புப் பட்டிகளை சுப்பர் குளூவால் ஒட்டினார். நடுவிலுள்ள கவ்வியில், கால்குலேட்டரின் எண்கள் தெரியும் இடத்திலிருந்து கழற்றிய குமிழ்க் கண்ணாடித் துண்டை வைத்தார். இடுப்பில் தொங்கவிட அடியில் ஒரு வளையம். வேலை முடிந்தது. அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஒஸ்காரில் அவருக்கும் பங்கு உண்டு.

அதே படத்தில் கிழவர் ஓபி-வானின் பிடி இன்னும் வேடிக்கை. ரோல்ஸ் ரொய்ஸ் ஜெட் இயந்திரத்தின் ஒரு குழாய், துவக்கில் பொருத்திச் சுடும் பழைய குண்டு ஒன்றின் பாகம், தண்ணீர்க் குழாயைத் திருகும் பிடி. பிரபஞ்சத்தைக் காக்கும் ஆயுதத்தில் குளியலறைச் சாமான்! ஆகவே ஹார்ட்வெயார் கடையில் நீங்கள் பைப் தேடுவது குறுக்கு வழி இல்லை. அவர்கள் போன வழியே அதுதான்.

அந்த கிராஃப்லெக்ஸ் பிடியையே வாங்க முடியாதா?

வெளிநாட்டில் கிடைக்கும், விலை கண்ணைக் கட்டும். ரசிகர்கள் வாங்கி வாங்கியே விலையை ஏற்றிவிட்டார்கள், பழைய கமெரா சேகரிப்பவர்களுக்கு அதில் நல்ல கோபம். படத்தில் வந்த மூலப் பொருளையே வாங்குவதென்றால் அது வேறு உலகம். 1941இல் வந்த மோல்டீஸ் ஃபால்கன் படத்தின் ஈயப் பருந்துச் சிலை 2013இல் நாற்பது இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. நாங்கள் பைப்புக்குத் திரும்புவோம்.

அளவு எப்படி எடுப்பது? படத்தைப் பார்த்தால் தெரியவில்லையே.

படத்திலேயே அடிமட்டம் இருக்கிறது: நடிகரின் கை. வளர்ந்த ஆணின் நான்கு விரல்களும் சேர்ந்த அகலம் ஏறக்குறைய 85 மில்லிமீற்றர். பிடியைத் திரைக்குக் குறுக்காகப் பிடித்திருக்கும் ஒரு காட்சியில் நிறுத்தி, போன் திரையில் அடிமட்டத்தை வைத்து அளவுங்கள். கை 31 மில்லிமீற்றர், பிடி 99 மில்லிமீற்றர் என்று வந்தால், பிடி கையைப் போல 3.2 மடங்கு. 85ஐ 3.2ஆல் பெருக்கினால் 27 சென்ரிமீற்றர். நான் அந்த அளவில்தான் வெட்டினேன்.

பிடியை முன்னால் நீட்டும் காட்சிகளை எடுக்காதீர்கள். கமெராவுக்குக் கிட்ட வரும் முனை பெருத்துத் தெரியும். ஒரே காட்சியை நம்பவும் வேண்டாம், மூன்று நான்கில் அளந்து நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்.

தடிப்பு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. இங்கே 40 மில்லிமீற்றர் பைப் சரியாக வரும். பைப்பில் எழுதியிருக்கும் அளவு வெளி விட்டம் என்பதால் கணக்குப் பார்க்கவும் தேவையில்லை.

சாமான்கள் மட்டக்களப்பில் கிடைக்குமா?

கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. பைப் எந்த ஹார்ட்வெயாரிலும் இருக்கும். முழு நீளம் வாங்காதீர்கள். வீடு கட்டும் இடத்தில் பிளம்பரிடம் கேட்டால் வெட்டு மிச்சத்தைச் சும்மாவே தருவார். அதோடு மரை வைத்த மூடி ஒன்றும் அதற்குரிய சொக்கட்டும். மூடி ஏன் கழன்று வர வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கறுப்புப் பட்டிகளுக்கு அலுமினிய யன்னல் செய்யும் கடைக்குப் போங்கள். கண்ணாடியைப் பிடிக்கச் செருகும் கறுப்பு ரப்பர், துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும். நடுவிலுள்ள கவ்விக்கு, வயலில் தண்ணி இறைக்கும் பம்பின் ஹோஸுக்குப் போடும் கிளிப். அடி வளையம் பழைய புத்தகப் பையின் பட்டியிலிருந்து. குமிழ்க் கண்ணாடிக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். கடைசியில் அம்மாவின் மருந்துப் பெட்டியில் கிடைத்தது: சின்னக் குளிசைகள் வரும் பளிங்கு பிளாஸ்டிக் அட்டை. ஒரு வரிசைக் குமிழை வெட்டி, பின்பக்கம் வெள்ளிக் கடதாசி ஒட்டினேன். குளிசை முடியும்வரை காத்திருக்க வேண்டும், அது வேறு கதை.

மட்டக்களப்பு டவுனில் அகப்படாதது காத்தான்குடியிலோ கல்முனையிலோ அகப்படும். கடைக்காரரிடம் "லைட்சேபர் செய்ய" என்று சொல்லாதீர்கள். பைப்பின் அளவைச் சொல்லுங்கள்.

வெட்டும்போது கோணலாகப் போகிறது. என்ன செய்ய?

கொப்பித் தாள் ஒன்றைப் பைப்பைச் சுற்றி இறுக்கிச் சுற்றுங்கள். தாளின் விளிம்பு விளிம்போடு சரியாகப் பொருந்தினால் அந்தக் கோடு நேர்க்கோடு. பென்சிலால் சுற்றிவரக் கீறிவிட்டு, ஹக்ஸோ பிளேட்டால் ஒரே பக்கமாக அறுக்காமல், கொஞ்சம் அறுத்துக் கொஞ்சம் பைப்பைத் திருப்பி, திரும்பவும் அறுங்கள். சுற்றிவரத் தவாளிப்பு விழுந்த பிறகு வாள் தானாக அந்த வழியே போகும்.

அதே தாளை எறியாதீர்கள். பைப்பின் சுற்றளவு ஏறக்குறைய 126 மில்லிமீற்றர். அந்த நீளத்தை ஆறாக மடித்தால் மடிப்புக்கு மடிப்பு 21 மில்லிமீற்றர். திரும்பப் பைப்பில் சுற்றி மடிப்புகளைக் குறித்தால் ஆறு ரப்பர்ப் பட்டிகளும் சம இடைவெளியில் வரும். கண்மட்டத்தில் ஒட்டினால் கடைசிப் பட்டிக்கு இடம் காணாது. எனக்குக் காணவில்லை.

எந்தப் பசை?

சுப்பர் குளூ போதும். பைப்பையும் சொக்கட்டையும் சேர்க்க மட்டும் பைப் கம். ஒட்டுகிற இடத்தை முதலில் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்குங்கள், பளபளப்பான பைப்பில் எதுவும் நிற்காது.

இடுக்கு, ஓட்டை இருந்தால் அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு துளி சுப்பர் குளூ விடுங்கள். கண் மூடித் திறக்கும் முன்னே கல்லாக இறுகும், அரத்தால் அராவலாம். ஆனால் சுப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்க வேண்டாம். பருத்தியில் பட்டால் சூடேறும், கையைச் சுடும் அளவுக்கு. பழைய பெனியனால் துடைத்து நான் படித்த பாடம்.

வெள்ளி நிறம் பூசினால் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிறது. உலோகம் மாதிரி எப்படி வரும்?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. வெட்டும் ஒட்டும் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். பூச்சுக்கு இரண்டு கிழமை கொடுங்கள்.

பைப்பில் அச்சிட்ட எழுத்து இருக்கும். அது போகும்வரை 240 நம்பர் வோட்டர் பேப்பரால் தண்ணி விட்டுத் தேயுங்கள், பிறகு 400, கடைசியாக 800. தண்ணி விட்டுத் தேய்த்தால் தூசி மூக்குக்குள் போகாது. காய்ந்ததும் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. இப்போது யன்னலுக்கு எதிரே கண் மட்டத்தில் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். பிரைமர் அடிக்கும்வரை இல்லாத கீறல்கள் எல்லாம் எழும்பி நிற்கும். அவற்றைத் தேய்த்துத் திரும்ப பிரைமர். மனது வெறுக்கும் கட்டம் இதுதான். இதை விட்டுவிட்டு மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருக்கும், ஏனென்றால் வெள்ளி நிறம் கீறலை மறைக்காது, வெளிச்சம் போட்டுக் காட்டும்.

அதற்கு மேல் பளபளக்கும் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளியை மிக மெல்லியதாக அடியுங்கள். அடியிலுள்ள கறுப்பு, வெள்ளிக்கு ஆழம் கொடுக்கும். ஸ்ப்ரே டின் ஒரு அடி தூரத்தில் இருக்கட்டும். பைப்புக்கு வெளியே தொடங்கி வெளியேயே விடுங்கள், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் வழியும். பைப்பைக் கையில் பிடிக்க வேண்டாம். ஒரு வாளியில் மணல் நிரப்பித் தும்புத்தடிக் கம்பை நட்டு, அதன் தலையில் பைப்பைக் கவிழ்த்தால் சுற்றிவர அடிக்கலாம். குரோம் என்று விற்கும் பெயின்ட் அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருக்கும். கை பட்டால் மங்கும், மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்தாலும் மங்கும். தொட்டுப் பார்க்கும் சொந்தக்காரர் உள்ள வீட்டுக்கு அது சரிவராது.

எனக்குப் பிடித்த வழி பெயின்டே இல்லாதது. ஏசிக் குழாய்களுக்குச் சுற்றும் அலுமினிய டேப்பை நீளவாக்கில் ஒரே துண்டாக ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் உண்மையான உலோகம், ஏனென்றால் அது உலோகமேதான். தொட்டால் குளிரும். மூட்டு வரும் கோட்டை ஒரு ரப்பர்ப் பட்டிக்கு அடியில் ஒளித்துவிடலாம். ஆனால் இதற்கும் அடிப்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், ஒரு மணல் பருக்கை கிடந்தாலும் பரு மாதிரி எழும்பும்.

எங்கள் ஊர்க் காலநிலைக்கு எப்போது பூசுவது?

மாரியில் பூசாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் போய், காயும்போது பால் ஊற்றின மாதிரி வெளுக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் புழுதி. மழை விட்ட பிறகு, மாசி மாதத்தில், காலை ஒன்பது மணிக்கும் கடல்காற்று எழும்புவதற்கும் இடையில் அடியுங்கள்.

என் முதல் பிடியை ஐப்பசியில், முதல் மழை பெய்த அன்று பின்னேரம் பூசினேன். மழை விட்டதும் வானம் வெளித்தது, நல்ல நேரம் என்று நினைத்தேன். வெளிச்சம் காணாததால் விறாந்தை லைட்டையும் போட்டேன். உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. ஈரமான வெள்ளியில் ஒரு நாற்பது ஈசல், இறகு விரித்தபடி. பிடுங்கினால் உடம்பு மட்டும் வருகிறது, இறகு பெயின்டோடு நிற்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பொரிக்கத்தான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனா. எல்லாவற்றையும் தேய்த்து எடுக்க மூன்று நாள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்பு ஆணி, இரும்புத் திருகு போடாதீர்கள். ஆறு மாதத்தில் துருவின் கோடு வழியும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் பாருங்கள்.

கையில் எடுத்தால் பாரமே இல்லை, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது.

உள்ளே மணல் போடுங்கள். கடற்கரை மணல் என்றால் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணியில் கழுவி, வெயிலில் காயவைத்து, பொலித்தீனில் இறுக்கிக் கட்டி. உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டால் நாறும். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் கைக்கு நன்றாக இருக்கும்.

மூடியை ஒட்டாதீர்கள், திருகிக் கழற்றும்படி விடுங்கள் என்று சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. ஒருமுறை ஒரு நிகழ்ச்சிக்கு இதைக் கொண்டுபோனேன். வாசலில் பையைச் சோதித்தவர் எடுத்தார், குலுக்கினார், உள்ளே ஏதோ அசைந்தது. இரண்டு பக்கமும் அடைத்த பைப். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்தில் குண்டு வெடித்ததைக் கண்ட ஊர் இது. அவர் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் என் கையில் இருப்பது மற்றவர் கண்ணுக்கு என்ன என்று எனக்கு விளங்கியது. அவரில் ஒரு பிழையும் இல்லை. அவர் முன்னாலேயே ஹக்ஸோவால் அடியை அறுத்து மணலைக் கொட்டிக் காட்டினேன். இப்போது உள்ளது திருகு மூடி. வெளியே கொண்டுபோவதென்றால் மணலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

துவக்கு செய்யலாமா?

முதல் வேலையாக வேண்டாம். இரண்டாவதாகவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சில நாடுகளில் பிளாஸ்டிக் துவக்கோடு தெருவில் போட்டோ எடுக்க முடியலாம். இங்கே பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் பார்க்கும்போது அவவின் மனதில் ஓடுவது சினிமா அல்ல. பொலிஸுக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. விண்வெளிப் படத்துத் துவக்குகளிலும் பல, உண்மைத் துவக்குகளில் சாமான் ஒட்டிச் செய்தவைதான், ஆகவே அச்சொட்டாகவே இருக்கும்.

3டி பிரிண்டர் இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லைதானே?

பிரிண்டரில் வருவதையும் தேய்க்கத்தான் வேண்டும், வரி வரியாக வரும். சாதாரணமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்தில் இளகிவிடும். நண்பர் ஒருவர் அச்சிட்டதை மதியம் பூட்டின வேனுக்குள் விட்டுவிட்டுப் போனார், திரும்பி வந்தபோது அது வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. சின்ன நுணுக்கமான பாகங்களுக்கு நல்லது.

கவசம், கிரீடம் மாதிரிப் பெரியவை?

பிள்ளைகள் விளையாடும் அறையில் விரிக்கும் தடித்த ஃபோம் பாய். சூடான காற்று பட்டால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். ஆனால் கிரீடமும் உடுப்பும் செய்ய நினைத்தால் முதலில் கூத்துக்காரரைப் போய்ப் பாருங்கள். வடமோடி அரசர்கள் போடும் உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர், கரப்புக் கூடையைக் கவிழ்த்த மாதிரி விரிந்து நிற்பதால். இலேசான கட்டுமானத்தில் பெரிய தோற்றம் எடுப்பது, ஆடும்போது கழராமல் கட்டுவது, எங்கே கண்ணாடித் துண்டு வைத்தால் மின்னும் என்பது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நான் வெளிநாட்டு வீடியோக்களில் மாதக்கணக்கில் தேடியதில் பாதி, இரண்டு வீடு தள்ளி இருந்தது.

புதுசாக மின்னுகிறது. படத்தில் இருப்பது போலப் பழசாக்குவது?

கறுப்பு அக்ரிலிக் பெயின்டைத் தண்ணியாகக் கரைத்துப் பூசி, காய முன் துடையுங்கள். இடுக்கில் நிற்கும், மேட்டில் போய்விடும். ஆனால் எங்கே அழுக்கு, எங்கே தேய்வு என்பதை யோசித்துச் செய்யுங்கள். ஒரு பழைய சைக்கிளின் பெல்லைப் பாருங்கள். பெருவிரல் படும் இடம் மட்டும் பளபளக்கும், திருகைச் சுற்றிக் கறுத்திருக்கும், அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. அதே கணக்குத்தான். எல்லா இடமும் ஒரே அளவு அழுக்கு என்றால் அது பழசு அல்ல, சேற்றில் விழுந்தது. இருண்ட உலோக நிறம் வேண்டிய இடத்தில் பென்சில் கரியைத் தூளாக்கி விரலால் தேயுங்கள்.

செய்து விற்கலாமா?

உங்களுக்கென்று ஒன்று செய்து ஷோகேஸில் வைப்பது ஒன்று, படத்தின் பெயரைப் போட்டு விற்பது வேறு. பெயரும் வடிவமும் கம்பனியின் சொத்து. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு நான் விற்பதில்லை, கூட இருந்து செய்யக் காட்டிக் கொடுக்கிறேன்.

பிடி மட்டும்தானா? வெளிச்சம் வராதா?

பளிங்குக் குழாயும் எல்ஈடியும் போட்டுச் செய்யலாம், அது தனி வேலை. மலிவான வழி ஒன்று இருக்கிறது, அதுவும் மூலப் படத்தில் செய்ததுதான். ஒரு தடியில் ஸ்கொட்ச்லைட் என்ற, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பொருளை ஒட்டி, கமெராவின் பக்கமிருந்து வெளிச்சம் அடித்தார்கள். அது போதாமல் போகவே பிறகு ஒவ்வொரு படச்சட்டத்திலும் ஒளியைத் தனியாகச் சேர்த்தார்கள்.

அந்த ஜாதிப் பட்டிதான் இங்கே டிரக்டர் பெட்டியின் பின்பக்கத்திலும் சைக்கிள் மட்காட்டிலும் ஒட்டியிருக்கிறது. வெள்ளை வாங்குங்கள், மூன்று அடி நீளமான மெல்லிய தடியில் சுற்றுங்கள், பிடிக்குள் செருகுங்கள். கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத் தடிதான். இருட்டின பிறகு ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப் போய்ப் போன் ஃப்ளாஷோடு ஒரு படம் எடுங்கள். ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒளி நேரே அதற்குள் திரும்பி வரும். ஆள் மங்கலாகத் தெரிவார், தடி வெள்ளையாக எரியும்.

படம் எடுக்கிறவர் மட்டும்தான் அதைக் காண்பார். பக்கத்தில் நிற்பவர்கள் "எங்க, எரியல்லையே" என்று கேட்டால் போனை அவர்கள் கையில் கொடுங்கள்.